பல்லுக்கு ஒரு கவசம்

1927 மார்ச்சில் நியூயார்க்கில் ஜாக் ஷார்க்கியும் மைக் மெக்டீகும் குத்துச்சண்டையில் மோதினார்கள். மெக்டீக் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் பல் ஒன்று சில்லாக உடைந்து, அதன் கூர்முனை அவர் வாயைக் கிழித்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. 12ஆவது சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி ஷார்க்கிக்குப் போனது. அதன் பிறகுதான் ‘மவுத் கார்டு’ எனும் வாய்க் கவசம் குத்துச்சண்டை வீரர்களிடையே பரவலானது.

அப்போதே அது புதிய பொருளல்ல. 1890 வாக்கில் லண்டன் பல் மருத்துவர் வுல்ஃப் க்ராஸ், வீரர்களின் மேல்வரிசை முன்பற்களின் மேல் கட்டாபெர்ச்சா பட்டைகளைப் பொருத்தினார். இன்று வேர் சிகிச்சையில் பல்லின் உள்ளே அடைக்கிறார்களே, அதே மரப்பால் பொருள்தான். அவர் மகன் பிலிப் அதைக் கழற்றி மாட்டும் கவசமாக மாற்றினார். உலக சாம்பியன் பட்டம் வென்ற டெட் ‘கிட்’ லூயிஸ் அதை அணிந்து களமிறங்கியபோது, எதிர்த்தரப்பு முறையீடு செய்யும் அளவுக்கு அது பேசப்பட்டது.

மவுத் கார்டு செய்வது என்ன? குத்து விழும்போது முதலில் அடிபடுவது மேல்வரிசை முன்பற்கள். கவசம் அணிந்திருந்தால் அந்த விசை ஓரிரு பற்களில் குவியாமல் வரிசை முழுவதற்கும் பரவுகிறது. ஒரு பகுதியை மெத்தென்ற பொருளே வாங்கிக்கொள்கிறது. உதடும் கன்னமும் பல்லின் விளிம்பில் நசுங்குவதில்லை. முகவாயில் குத்து வாங்கும்போது கீழ்ப்பற்கள் மேல்பற்களில் மோதி உடைவதும் குறைகிறது. ஆனால் மூளை அதிர்ச்சியை இது தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதை நம்பித் தலையில் அடி வாங்கக் கூடாது.

மூன்று வகைகள் விலையில்தான் வேறுபடுவதுபோலத் தோன்றினாலும், உண்மையான வேறுபாடு பொருத்தத்தில்தான் இருக்கிறது. அப்படியே மாட்டும் ரெடிமேட் வகை, பல்லைக் கடித்துப் பிடித்தால்தான் நிற்கும். பேச்சும் மூச்சும் திணறும். இரண்டாவது வகையை வெந்நீரில் போட்டு இளக்க வேண்டும். குளிர்ந்த நீரில் ஒரு முக்கு முக்கி, மேல்பற்களில் வைத்து, விரலால் வெளிப்புறம் அழுத்தி, உள்ளே காற்றை உறிஞ்சி, மெல்லக் கடிக்க வேண்டும். பலர் இங்கே ஓங்கிக் கடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தடிமன் தேவைப்படும் இடத்திலேயே அது காகிதமாக மெலிந்துவிடும். மூன்றாவது, பல் மருத்துவர் அளவெடுத்து, பல் அச்சின் மீது எத்திலீன் வினைல் அசிடேட் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்துத் தருவது. முன்பற்களின் மேல் சுமார் 3 மி.மீ. தடிமன் இருக்கும், பொருத்தத்தில் இதற்கு ஈடில்லை.

சோதிப்பது எளிது. வாயைத் திறந்தால் கவசம் விழக் கூடாது; தெளிவாகப் பேச முடிய வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குப் பற்களின் அமைப்பு மாறுவதால் அடிக்கடி புதிது வேண்டும். கிளிப் போட்டவர்கள் மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும். பயன்படுத்தியதும் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றுத் துளை உள்ள டப்பாவில் வைக்கலாம். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் உருக்குலைந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் பல்லின் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் சில நொடிகள் அலசி, தேய்க்காமல், அதே குழியில் வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். எப்படியானாலும் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேருங்கள். தண்ணீரில் ஊறவிட்டால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் மடிந்துவிடும். பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

போட்டி நாளில் மட்டும் மவுத் கார்டு தேடுவது போதாது. கராத்தே, டேக்வாண்டோ, குத்துச்சண்டை எதுவானாலும் வீரர்கள் அதிக நேரம் செலவிடுவது பயிற்சிக் கூடத்தில்தான். பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, கையுறை இல்லாமல் பிள்ளையை மோதவிட மாட்டீர்கள். வாய்க் கவசத்துக்கும் அதே விதியை வையுங்கள். உடைந்த நிலைப்பல் மறுபடி முளைக்காது.