வானலை இயல் – 9: உள்ளீட்டுப் பக்கக் காவல்

சென்ற வாரம் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் திறன் பெருக்கியை எப்படிச் சுடுகிறது என்று பார்த்தோம். இன்றைய ஹாம் வானொலி நிலையங்களில் உள்ள டிரான்சிஸ்டர் லீனியர் பெருக்கிகளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து முன்பக்கத்திலிருந்து, அதாவது ரேடியோவின் சிக்னல் நுழையும் உள்ளீட்டிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்தைக் காக்க, ஆபத்தை அளந்து பார்த்துச் செயல்படும் சுற்றுகளைவிட, எதையும் அளக்காமல் எப்போதும் சிக்னலைக் குறைத்தே அனுப்பும் மூன்று ரெசிஸ்டர்களே மேல் என்பது என் முடிவு.

வால்வுக் காலத்தில் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. ஒரு கிலோவாட் தரும் கிரவுண்டட்-கிரிட் லீனியருக்கு 50 முதல் 100 வாட் வரை உள்ளீடு வேண்டியிருந்தது. 100 வாட் ரேடியோவால் அதை மிஞ்சி எதுவும் செய்துவிட முடியாது. கொஞ்சம் மிஞ்சினாலும் கிரிட் சூடேறிக் கெட நேரம் பிடிக்கும். எல்.டி.மாஸ் டிரான்சிஸ்டர் வந்ததும் கணக்கு மாறியது. பி.எல்.எஃப்.188எக்ஸ்.ஆர் போன்ற ஒன்றைக் கொண்டு கட்டிய பெருக்கியின் பெருக்கம் சுமார் 25 டெசிபல். ஒரு கிலோவாட்டை எட்ட 3 வாட் போதும். ரேடியோவோ அதே 100 வாட் ரேடியோதான். 50 ஓம் கேபிளில் 100 வாட் என்றால் உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட். வழக்கமான 9:1 டிரான்ஸ்ஃபார்மர் அதை மூன்றில் ஒன்றாக்கி, புஷ்-புல்லாக இரண்டு கேட்டுகளுக்கும் பங்கிட்டால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 17 வோல்ட் மேலும் கீழும் ஆடும். பயாஸ் 2 வோல்ட்டைச் சேர்த்தால் +19, -15. அந்த டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை +11, -6. கேட்டின் ஆக்சைடு படலம் சூடாகி மெல்லக் கெடுவதில்லை. எல்லையை வெகுவாகத் தாண்டினால் துளைபடுகிறது, அவ்வளவுதான்.

‘ரேடியோவில் 3 வாட் என்று குறைத்து வைத்துக்கொண்டால் போதாதா?’ என்ற கேள்வி நியாயமானது. போதாது. பல ரேடியோக்களில் அந்த அளவைக் காப்பது ஏ.எல்.சி. என்னும் பின்னூட்டச் சுற்று. வெளியீட்டை அளந்த பிறகுதான் அது பெருக்கத்தைக் குறைக்கிறது. எனவே பேச்சின் முதல் அசையில், சில மில்லி வினாடிகளுக்கு, ரேடியோ தன் முழுத் திறனையும் தள்ளிவிடலாம். வெள்ளம் வயலுக்குள் புகுந்த பிறகு மதகை அடைப்பது போன்ற வேலை இது. மீட்டர் முள் அசைவதற்குள் அந்தத் துடிப்பு முடிந்துவிடுவதால், பலர் அப்படி ஒன்று இருப்பதையே நம்புவதில்லை.

அடுத்து, கட்டுபவர்கள் பெரிதும் நம்புவது பாதுகாப்புப் பலகைகளை. உள்ளீடு மிஞ்சியதைக் கண்டதும் அவை ரிலேயைத் திறக்கும். ஆனால் சாதாரண ரிலே திறக்கவே பல மில்லி வினாடிகள் ஆகும். சிலர் மைக்ரோ வினாடிகளில் பயாஸை வெட்டுகிறார்கள். வேகம் சரி, ஆனால் இடம் தவறு. பயாஸை வெட்டினால் டிரெய்ன் மின்னோட்டம் நிற்கும், கேட்டின் மேல் விழும் சிக்னல் நிற்காது. பயாஸ் போய்விட்டதால் எதிர்ப்பக்க ஆட்டம் -15லிருந்து -17 வோல்ட்டுக்கு ஆழமாகிறது. கேட்டில் டயோடு வைத்து உச்சியை நறுக்கலாம் என்றால், நறுக்கப்படும் ஒவ்வொரு உச்சியும் பக்கத்து அலைவரிசைகளில் இரைச்சலாகத் தெறிக்கும்.

இப்போது ரெசிஸ்டர்களுக்கு வருவோம். 96, 71, 96 ஓம்களைப் பை வடிவில் இணைத்தால் 10 டெசிபல் குறைப்பான். ரேடியோ முழு 100 வாட்டையும் தள்ளினாலும் பெருக்கிக்குப் போவது 10 வாட். கேட்டில் விழுவது சுமார் +7, -3. ‘ரெசிஸ்டரும் எரியுமே’ என்பார்கள். எரியும். 100 வாட்டில் முதல் ரெசிஸ்டர் மட்டும் 52 வாட் வெப்பத்தை ஏற்கிறது. ஹீட்சிங்க் இல்லாமல் வைக்கவே கூடாது. ஆனாலும் அது எரிந்து திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் மனம் தெளியும்: கேட் ஆட்டம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடி, +9, -5 அருகே நிற்கிறது. எல்லைக்குள்தான். கடைசி ரெசிஸ்டர் திறந்தாலும் இதே விளைவு. நடு ரெசிஸ்டர் போனால் சிக்னலே நின்றுவிடும்.

அமெரிக்காவில் இதே குறைப்பான் வேறொரு காரணத்துக்காகப் பெருக்கிகளுக்குள் வந்து சேர்ந்தது. 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோக்களுக்கு அனுமதி 4 வாட்; அவற்றோடு ஹாம் லீனியர்களைச் சட்டவிரோதமாக இணைப்பதைத் தடுக்க, எஃப்.சி.சி. ஆணையத்தின் 97.317 விதி பெருக்கத்தை 15 டெசிபலுக்குள் கட்டுப்படுத்தியது. 25 டெசிபல் டிரான்சிஸ்டரை அதற்குள் அடக்க எளிய வழி, உள்ளே 10 டெசிபல் குறைப்பான் வைப்பது. 2016இல் எக்ஸ்பர்ட் லீனியர்ஸ் அமெரிக்கா நிறுவனம் இந்த வரம்பை நீக்கக் கோரியது. சில வாட் மட்டுமே தரும் மென்பொருள் ரேடியோக்களுக்கு இந்த வரம்பு தடை என்பது அந்தத் தரப்பின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. 5 வாட்டுக்கு மேல் தர இயலாத ரேடியோவுக்கு, அதன் இயலாமையே காவல். குறைப்பான் அங்கே வீண். ஆனால் அந்தப் பெருக்கியின் உள்ளீட்டுச் சாக்கெட் எந்த ரேடியோவின் கேபிளையும் ஏற்கும். ஆகவே குறைப்பானைக் கழற்றுவதானால், அந்தப் பெருக்கியை அந்த ஒரு ரேடியோவோடு ஒரே பெட்டிக்குள் நிரந்தரமாக இணைத்துவிட வேண்டும்.