முலுண்டின் மழையும் ஹெல்மெட் கண்ணாடியும்

ஜூன் மாதம் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டுவிட்டால், தாணேயிலிருந்து மும்பையின் முலுண்ட் வழியாகக் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு, ஹெல்மெட்டைக் காட்டிலும் அதன் முன்னால் இருக்கும் கண்ணாடியே பெரிய விசாரமாகிவிடுகிறது. எதிர்வரும் லாரி வாரியிறைக்கும் சேற்று நீரிலிருந்து கண்களைக் காப்பது அதுதான். ஆயினும் அது எந்தப் பிளாஸ்டிக்கினால் ஆனது என்று விசாரித்து வாங்குகிறவர்கள் மிகச் சிலரே என்பது வருத்தம் தருகிறது.

பளிங்குபோல் தெளிந்த பிளாஸ்டிக்குகளில் இதற்குப் போட்டியிடுபவை முக்கியமாக இரண்டு. 1930-களில் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரின் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அக்ரிலிக், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 92 பங்கை உள்ளே விடுகிறது. எளிதில் கீறலும் விழுவதில்லை. ஆனால் பலத்த அடி பட்டால் கூரிய சில்லுகளாக உடைந்துவிடும் சுபாவம் அதற்கு உண்டு. கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் வைக்கத்தக்க பொருளன்று என்பதே என் திடமான அபிப்பிராயம். 1953-ஆம் ஆண்டு பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், ஏறத்தாழ அதே சமயத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும், ஒருவரையறியாமல் ஒருவர் கண்டடைந்த பாலிகார்பனேட்டோ, ஒளியில் இரண்டு மூன்று பங்கைக் குறைத்துக் கொடுத்தாலும், கல் தெறித்தால் நெளியுமேயன்றி லேசில் நொறுங்காது.

இவ்விரண்டையும் இனங்காணும் வித்தை தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிறவர்களுக்குக் கைவந்தது. துண்டொன்றின் முனையில் தீக்குச்சியைக் காட்டினால், அக்ரிலிக் பழவாசனையோடு விடாமல் எரியும். பாலிகார்பனேட் கரும்புகையைக் கக்கி, நெருப்பை விலக்கியதும் தானே அணையும்.

பாலிகார்பனேட்டின் குறை அதன் மென்மை. மேலே சிலிக்கோன் வகைக் கெட்டிப் பூச்சு இல்லையென்றால் வெறும் துணியால் துடைத்தாலே கோடு விழும்; புற ஊதாக் கதிருக்குத் தடுப்புச் சேர்க்காவிட்டால் வெயிலில் மஞ்சளடிக்கும். மெட்ரோ வேலை நடக்கும் லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் படிகிற சிமெண்டுத் தூளை உலர்ந்தபடியே தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமானம். அதைவிடக் கொடியது, எண்ணெய்ப் பிசுக்குப் போகவென்று பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்கும் பழக்கம். பெட்ரோலும் தின்னரும் பட்ட இடத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடி, உறுதியே போய்விடும். ஈரத் துணியைச் சற்று நேரம் மேலே போட்டு அழுக்கை ஊறவிட்டு, சோப்பு நீரால் அலம்புவதே போதும்.

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ். 4151 தரத்துக்கு உட்பட்ட, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹெல்மெட்டுகளையே விற்க வேண்டுமென்பது சட்டம். ஆனால் ஹெல்மெட்டின் முத்திரை, நடைபாதையில் பின்னர் வாங்கி மாட்டும் மாற்றுக் கண்ணாடிக்கு உத்தரவாதமாகாது. ஆகையால் அதே கம்பெனியின், அதே மாடலுக்குரிய, கெட்டிப் பூச்சிட்ட பாலிகார்பனேட்டையே கேட்டு வாங்க வேண்டும். இரவில் திரும்புகிறவர்கள், எவ்வளவு அழகாயிருப்பினும் கறுப்புக் கண்ணாடியைத் தவிர்ப்பது அவசியம். மூச்சுக்காற்று படிந்து மங்குவதைத் தடுக்க உட்புறப் பூச்சுடையவையும் கிடைக்கின்றன. அந்தப் பக்கத்தை அழுத்தித் துடைக்கலாகாது. இருட்டிய பின் எதிர் வண்டியின் விளக்கொளி கண்ணாடியில் கீற்றுக் கீற்றாகச் சிதறித் தெரியத் தொடங்கினால், மறுநாளே அதைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டுக்கொள்ளுங்கள்.