ஸ்ரீமுஷ்ணமும் மழை ஜலமும்

பூமிதேவியைப் பிரளய ஜலத்தினின்றும் மீட்ட வராக மூர்த்தி எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமுஷ்ணத்தைத் தமிழ்நாட்டில் அறியாதார் சிலரே. மாசி மகத்தில் அம்மூர்த்தி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குச் செல்வதும், அங்கே முஸ்லிம் சகோதரர்கள் மரியாதை செய்து வரவேற்பதும் தேச ஒற்றுமையில் பற்றுள்ளோர் உள்ளம் பூரிக்கும் வழக்கமாகும். ஸ்வாமி கடலாடித் தம் ஊருக்குத் திரும்பி விடுகிறார். அவ்வூரில் பெய்யும் மழை ஜலமோ ஓடையில் இறங்கி வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்ந்தால் திரும்புவதே இல்லை. கோடையில் குடத்துடன் நிற்கும் தாய்மாரின் துயரத்திற்குக் காரணம் வானத்தின் கருணையின்மையா, நமது அசிரத்தையா என்பதே இன்று நாம் கேட்கும் கேள்வி.

கடலூர் ஜில்லாவில் வருஷத்திற்குச் சராசரி 1,200 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிச் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ராஜபுதனத்துத் தார்ப் பாலைவனத்து ஜெய்சல்மேரில் பெய்வது 200 மில்லிமீட்டர் அளவே. அங்குள்ள ஜனங்கள் ‘டாங்கா’ எனும் நிலவறைத் தொட்டிகளைக் கட்டி, விழுந்த துளியைக் காத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கின்றனர். அவர்களைப்போல் ஆறு மடங்கு பெறும் நாம் தாகத்தால் வருந்துவது வெட்கத்திற்குரியதன்றோ?

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் ஜலம். நூறு சதுர மீட்டர் மாடியில் வருஷத்திற்கு 1,20,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஐவர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐம்பது லிட்டருக்குக் குறையாது. இதை உணர்ந்தே 2003ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. சட்டத்திற்கு அஞ்சி வைத்த குழாய்கள் பல இடங்களில் உடைந்தும் அடைத்தும் கிடப்பதை யாவரும் காணலாம்.

ஆயினும் வீட்டுக் கூரை சிறிது. ஊரின் பாத்திரம் ஏரியே. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள், ஏரியைப் பேண ஊரார் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. ஸ்ரீமுஷ்ணத்திற்குத் தென்கிழக்கேயுள்ள வீராணம் ஏரியும் அம்மன்னனின் வீரநாராயணன் என்ற பெயரைத் தாங்கியதே. ஊராரின் இந்தக் கடமைக்கே குடிமராமத்து என்று பெயர். அந்நிய சர்க்கார் 1858ஆம் வருஷத்து முதலாவது சட்டத்தால் அதைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாக்கிற்று. அதிகாரம் கச்சேரிக்குப் போயிற்று. அபிமானம் ஊரை விட்டுப் போயிற்று.

அந்நியர் 1947இல் அகன்றனர். குடிமராமத்து என்ற பெயரால் 2017இல் சர்க்காரே ஒரு திட்டம் தொடங்கியதும் உண்மை. ஆனால் பெயர் திரும்பினால் போதுமா? பணம் சர்க்காருடையதாயினும் கண்காணிப்பு குடிகளுடையதாய் இருந்தாலன்றி, கரையில் கொட்டிய மண் அடுத்த மழையிலேயே கரைந்துவிடும். விருத்தாசலத்துப் பீங்கானில் மயிரிழை விரிசல் கண்டாலும் வாங்க மறுக்கும் நாம், ஏரிக்கரையில் ஆள் நுழையும் உடைப்பைக் கண்டும் வாளாவிருக்கிறோம்.

2004ஆம் வருஷம் முதல் வீராணத்து ஜலம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. பட்டணத்தார் தாகம் தீர்வதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் தூரத்து ஊருக்கு ஜலம் கொடுக்கும் சீமை, தன் சிற்றேரிகளைத் தூர்ந்துபோக விடுவது விவேகமாகாது.

ஆகவே தேச ஊழியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நூறு ஏக்கருக்கு உட்பட்ட ஆயக்கட்டுள்ள சிற்றேரிகள் பஞ்சாயத்து யூனியன்களின் பொறுப்பிலும், பெரியவை சர்க்கார் நீர்வள இலாகாவின் பொறுப்பிலும் உள்ளன. ஆகஸ்டு 15ஆம் தேதி கிராம சபையில் ஏரியின் படத்தையும் வரத்துக் கால்வாயின் அளவையும் கேளுங்கள். கால்வாயை அடைத்தவர் யாராயினும், நம் கட்சிக்காரராயினும், தாட்சண்யமின்றித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஐப்பசிக்கு முன் மதகும் கலிங்கும் சீராகட்டும். கொடியேற்றிய கை மண்வெட்டியையும் ஏந்தினால்தான் சுயராஜ்யம் ஊர்க் கிணற்றின் அடிவரை இறங்கும்.