நற்செய்திக்கு முன் வாழ்ந்தோர்

இயேசுவின் நற்செய்தியே மீட்புக்கு வழி என்றால், அதற்கு முன்பே மாண்டோர் கதி என்ன? கிறித்தவ அறிஞர்களைத் தொடக்கம் முதலே வருத்திய வினா இது. நபி இப்ராஹீம் போன்ற முன்னோர் வரவிருந்த மீட்பரை நம்பியதால் ஈடேறினர் என்றார் அகஸ்டின். வேதமே அறியாத கிரேக்கர்? இறைவாக்காகிய 'லோகோஸ்' வழி வாழ்ந்த சாக்ரடீஸும் கிறித்தவரே என இரண்டாம் நூற்றாண்டிலேயே துணிந்துரைத்தார் ஜஸ்டின். பின்வந்தோர் பலருக்கு அத்துணிவு இல்லை.

1321இல் மறைந்த இத்தாலியக் கவிஞர் தாந்தே, புறச்சமயச் சான்றோரை நரகின் முதல் வட்டமான லிம்போவில் வைத்தார். அங்கு வதை இல்லை. இறைவனைக் காணும் நம்பிக்கையும் இல்லை. அவர்களிடையே இப்னு சீனாவும் இப்னு ருஷ்தும் இருக்கின்றனர். சுல்தான் ஸலாஹுத்தீன் தனியே ஒருபுறம். மூவரும் இயேசுவுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர்கள். சிலுவைப் படைகளோடு பொருத சுல்தான் கிறித்தவத்தைக் கேள்விப்படாதவரா என்ன! காலத்தைப் பற்றி எழுந்த வினாவுக்குள் அறிந்தும் ஏற்காதவரும் இவ்வாறு வந்து சேர்ந்தனர். 1492க்குப் பின், நற்செய்தி எட்டாத அமெரிக்க மக்களால் அவ்வினா மேலும் கூர்மையுற்றது.

தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, நேர்மையோடு இறைவனைத் தேடுவோரும் மீட்படையலாம் என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. சீர்திருத்தச் சபைகளில் பலர் இதனை இன்றும் ஏற்பதில்லை.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, நபிகளாரின் பெயரையே கேளாதோரோடு, அவரைப் பற்றித் திரித்துரைக்கப்பட்டதை மட்டுமே கேட்டோரையும் மன்னிக்கத்தக்கோராகக் கொண்டார். செவியில் விழுந்தது செய்தியா, அதன் திரிபா என்னும் இந்த வேறுபாட்டை வத்திக்கான் ஆவணத்தின் அப்பகுதி வகுத்துரைக்கவில்லை.