மலையடியில் ஒரு பிளேஸ்டேஷன்

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஆடி அலுத்துப்போன கேம் கன்சோல், அவர் விடுமுறைக்கு வரும்போது துணிமணிகளுக்கு நடுவே புதுக்கோட்டைப் பக்கம் வந்து சேரும். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் யாராவது பேரம் பேசி வாங்கி வந்திருப்பார்கள். எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, யோகம் இருந்தால் பிளேஸ்டேஷன் 4. டிவியில் மாட்டி, கூட வந்த டிஸ்க்கைப் போட்டுக் கொஞ்ச நாள் ஆடலாம். அதன் பிறகு, இதில் நெட் வருமா என்ற கேள்வி தானாக எழும். கையில் இருப்பது ஒரு செல்போன், அதில் நாளுக்கு 2 ஜிபி டேட்டா. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

சித்தன்னவாசலையே எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், அன்னவாசலுக்கு அருகே. ஊரை ஒட்டி நீண்டு கிடக்கும் பாறைக்குன்று. அதில் சமணர் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டமும், தாமரைக் குளம் ஓவியத்துக்குப் பேர்போன அறிவர் கோயிலும். ஓவியத்தைப் பார்க்க உலகமே வருகிறது. ஆனால் குன்றுக்குப் பின்னால் இருக்கும் டவரிலிருந்து சிக்னல் அவ்வளவு சுலபமாக வராது. கருங்கல் ரேடியோ அலையை ஊடுருவ விடுவதில்லை, மலையின் விளிம்பில் வளைந்து வருவதுதான் மிச்சம். அந்த வளைவிலும் 700, 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் கெட்டி. 2300-ஐப் போன்ற உயர்ந்தவை சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஒரே வீட்டில் ஒருவர் சிம்முக்கு நாலு கட்டம் சிக்னலும் இன்னொருவர் சிம்முக்கு ஒன்றுமே இல்லாமலும் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கன்சோலுக்கு எந்த சிம் என்று முடிவுசெய்யும் முன், வீட்டில் உள்ள எல்லோருடைய போனையும் வாங்கி ஒருமுறை சோதித்துப் பார்ப்பது காசில்லாத முதல் வேலை.

அடுத்தது, பெட்டிக்குள் வைஃபை இருக்கிறதா என்பது. 2005-இல் வெளிவந்த முதல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் இல்லை. லேன் கேபிள் சொருகும் துளை மட்டும் உண்டு. வைஃபை வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டின் தனி அடாப்டரை 100 டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. கன்சோலின் மலிவான மாதிரியே 300 டாலருக்கு விற்ற காலம் அது, அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சின்னத் துண்டுக்கு! 2010-இல் வந்த மெலிந்த மாதிரியில்தான் வைஃபை உள்ளேயே வந்தது. பிளேஸ்டேஷன் 3-இல் முதலில் வந்த 20 ஜிபி மாதிரிக்கு மட்டும் கிடையாது, மற்றவற்றில் உண்டு. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் தொடங்கி எல்லாவற்றிலும் இருக்கிறது.

வைஃபை இல்லாத கன்சோல் கைக்கு வந்தவர்கள் உடனே செய்வது, கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை டாங்கிளை வாங்கிச் சொருகுவது. காசு தண்டம். டாங்கிள் வேலை செய்ய அதற்கான டிரைவர் மென்பொருள் உள்ளே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக்கொள்ளலாம், கன்சோலில் நம் கை படாது. தயாரித்தவர் அனுமதித்த ஒன்றிரண்டைத் தவிர எதையும் அது கண்டுகொள்ளாது. செல்போனை யுஎஸ்பி வயரால் கன்சோலில் மாட்டி டேட்டா கொடுக்கும் வித்தையும் இதே காரணத்தால் பலிப்பதில்லை.

வைஃபை உள்ள பெட்டி என்றால் போனின் ஹாட்ஸ்பாட் போதும். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. முதல் பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 3, வைஃபை உள்ள எக்ஸ்பாக்ஸ் 360 மூன்றுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் திறக்கின்றன. போனில் ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்து வீட்டு லேப்டாப்புக்குக்கூடத் தெரியும், கன்சோல் மட்டும் அப்படி ஒன்று இல்லை என்று சாதிக்கும். கன்சோல் பழுது என்று ரிப்பேருக்குத் தூக்கிப் போகாதீர்கள். ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் 2.4-க்கு மாற்றுங்கள், பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2-வில் வையுங்கள். ஐபோன் என்றால் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தானைப் போட வேண்டும்.

இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இந்தியா 2005-இல் அறிவித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியை 2018-இல் திறந்துவிட்டார்கள். யாருக்கும் வாடகை இல்லை என்பதால்தான் வைஃபை மலிவு. அதே காரணத்தால் கூட்டமும் அதிகம். பக்கத்து வீட்டு ரவுட்டர், மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத் எல்லாம் இதே 2.4-இல்தான். பிளேஸ்டேஷன் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரும் ப்ளூடூத்தான். ஆகவே ஹாட்ஸ்பாட் போனைக் கன்சோலின் தலைமேல் வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

எங்கே வைப்பது என்பதற்கு அறிவர் கோயிலிலேயே பாடம் இருக்கிறது. கருவறைக்குள் நின்று அடிக்குரலில் 'ம்ம்' என்று நீட்டி முனகினால் அறையே சேர்ந்து அதிரும். கூட்டிப் போகிறவர்கள் செய்து காட்டுவதுண்டு. வாயிலிருந்து போன ஒலியும் குடைந்த பாறைச் சுவர்களில் பட்டுத் திரும்பிய ஒலியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வலுப்பதால் வருவது அது. சுருதியை மாற்றினாலோ நிற்கும் இடத்தை மாற்றினாலோ அதிர்வு குறையும். அங்கே ஏறுவதற்குப் பதில் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. வீட்டுக்குள் வைஃபை அலைக்கும் இதே கதிதான். அதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். நேராக வந்த அலையும் சுவரில் பட்டு வந்த அலையும் எங்கே ஏறும், எங்கே தின்னும் என்பது நாலு விரல் அகலத்துக்குள் மாறிவிடும். போனை ஜன்னல் திட்டில் லேசாக நகர்த்தினாலே இணைப்பு உயிர்பெறுவது இதனால்தான், மந்திரம் ஒன்றுமில்லை. அலை பட்டுத் திரும்புவதற்கு நம் வீடுகளில் முதல் இடம் இரும்பு பீரோ. பீரோவுக்கும் டிவிக்கும் இடையில் போன் இருக்கக் கூடாது. தண்ணீர் அலையைக் குடித்துவிடும், அதனால் மாடியில் சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னாலும் வேண்டாம். டவர் சிக்னல் எங்கே நன்றாக இருக்கிறதோ, திண்ணையோ மாடிப்படியோ, அங்கே போனை வையுங்கள். அங்கிருந்து கன்சோலுக்கு எட்டடி பத்தடி தூரத்தை வைஃபை பார்த்துக்கொள்ளும். டிவிக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று புலம்புவதுதான் அதிகம் நடக்கிறது.

சரி, இந்த இணைப்பு ஆட்டத்துக்குத் தாங்குமா? தாங்கும், ஏனென்றால் ஆன்லைன் ஆட்டம் டேட்டாவை அதிகம் தின்பதில்லை. நம் ஆட்டக்காரன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் சுடுகிறான் என்ற சின்னச் சின்னத் தகவல்கள்தான் போய்வருகின்றன. படம் முழுக்க வீட்டிலுள்ள பெட்டிக்குள்ளேயே வரையப்படுகிறது. மணிக்கு சுமார் 100 எம்பி என்று வைத்தால், ஒரு நாள் 2 ஜிபியில் 20 மணி நேரம் ஆடலாம். ஆனால் 40 ஜிபி கேம் ஒன்றை இறக்க அதே 2 ஜிபி கணக்கில் 20 நாள் வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் பணத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியும். ஆடுவதற்கு வேண்டியது வேகம் இல்லை, தடுமாறாத சீர். வேகமும் அளவும் இறக்குவதற்குத்தான் வேண்டும். கடைக்காரர் 100 எம்பிபிஎஸ், 200 எம்பிபிஎஸ் என்று கூவுவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

சீர் என்பதைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். பொத்தானை அழுத்திய செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தைப் பிங் என்கிறோம். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னைக் கடற்கரையிலிருந்து கடலுக்கடியில் போகும் கண்ணாடி இழை கேபிள் வழியாகத்தான் அது பயணப்பட வேண்டும். 2002-இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கேபிள் அப்படி ஒன்று, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 16 மில்லிநொடி, வர 16. இதை யாராலும் குறைக்க முடியாது. இதன்மேல் 4ஜி டவர் வரைக்கும் போவதற்கே பல பத்து மில்லிநொடி கூடும். மொத்தம் நூறுக்குள் நின்றால் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடலாம். பிங் 80-ஆகவே நிலையாக இருந்தால் கை பழகிவிடும். 40, 300, 60 என்று குதித்தால்தான் எதிராளி திரையில் தாவித் தாவி வருவான். அந்தக் குதிப்பைக் குறைக்க நம் கையில் உள்ள வழி, நடுவில் இருக்கும் வைஃபை துண்டை முடிந்தவரை சின்னதாக்குவது.

இங்கேதான் என் கட்சி: வயர்லெஸ் இணைப்புக்குச் செலவழிக்க உத்தேசித்த பணத்தில் பாதியை வயரில் போடுங்கள். ஒரே வளவில் இரண்டு வீடு, அண்ணன் வீட்டில் ஃபைபர் இருக்கிறது, கன்சோல் தம்பி வீட்டில். ரவுட்டரிலிருந்து 100 மீட்டர் வரை சாதாரண கேட்5இ லேன் கேபிள் தாராளமாகப் போகும். நம் ஊரில் கேபிள்காரர்களே கேபிளும் கொண்டுவந்து முனையில் ஜாக்கும் அடித்துத் தருகிறார்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை விலை குறைவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, அதைக் கூரைக்கு மேலே வெட்டவெளியில் இழுக்க வேண்டாம். கோடை மழை இடியோடு வரும் வட்டாரம் இது. பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தாலே செம்புக் கம்பியில் பாயும் மின்சாரம் கன்சோலின் லேன் துளையைக் கருக்கிவிடும். கண்ணாடி இழையில் அந்த பயம் இல்லை. திறந்த வெளியைத் தாண்ட வேண்டுமானால் இழையில் தாண்டுவது, இல்லையேல் காற்றில் தாண்டுவது.

காற்றில் தாண்டுவதற்கு உள்ள மலிவான கருவிதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடித்தது. லேன் துளை உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் ஒன்றோ, 'கிளையன்ட் மோட்' உள்ள சின்ன ரவுட்டர் ஒன்றோ போதும். அது தொலைவிலுள்ள வைஃபையைப் பிடித்து லேன் கேபிள் வழியாகக் கன்சோலுக்கு ஊற்றும். கன்சோலைப் பொறுத்தவரை தான் வயரில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். டிரைவர் வேண்டாம், அடாப்டர் வேண்டாம். வைஃபையே இல்லாத பழைய எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் இது செல்லும். போனின் ஹாட்ஸ்பாட்டையும் இப்படிப் பிடிக்கலாம். புதிதாகவே ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் கிடைக்கிறது, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர் உதவினால் அதுவும் இல்லை.

பழைய ரவுட்டர் இப்படிப் புது வேலை பழகியதற்கு ஒரு கதை உண்டு. 2002 இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்கத் தொடங்கியது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பதை 2003-இல் சில நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை மாற்றித் தன் கருவியில் வைத்து விற்கிறவர் அந்த மாற்றங்களின் மூலநிரலையும் கேட்பவர்களுக்குத் தர வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. நெருக்கடி தாங்காமல் நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதை எடுத்து ஆர்வலர்கள் பிரித்து மேய்ந்து 2004-இல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார்கள். விலையுயர்ந்த கருவிகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வேலைகளைச் சின்ன ரவுட்டர் செய்யத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் 100 டாலர் அடாப்டர் வேண்டாம் என்று நினைத்த பலரும் எக்ஸ்பாக்ஸுக்குப் பின்னால் இப்படி ஒரு ரவுட்டரைத்தான் ஒளித்து வைத்தார்கள். எல்லா ரவுட்டரிலும் ஓபன்டபிள்யூஆர்டியைப் போட முடியாது, தவறான மாதிரியில் ஏற்றினால் ரவுட்டர் செங்கல்லாகிவிடும். மாதிரி எண்ணைப் பட்டியலில் சரிபார்க்காமல் தொடாதீர்கள்.

எக்ஸ்டெண்டரை ரிப்பீட்டராக மட்டும் வைத்து, வைஃபையை வாங்கி வைஃபையாகவே திருப்பி அனுப்புவதில் லாபம் குறைவு. ஒரே அலைவரிசையில் கேட்பதும் பேசுவதும் மாறி மாறி நடப்பதால் வேகம் பாதியாகும், பிங்கும் குதிக்கும். வீட்டு மின்சார வயரிலேயே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு, விலை அதிகம்.

ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கன்சோல் சோதனையில் 'நாட் டைப் 3' என்றோ 'ஸ்ட்ரிக்ட்' என்றோ காட்டும். நண்பனோடு சேர முடியாது, குரல் போகாது. மொபைல் நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் கன்சோலின் கதவு தெரிவதில்லை. போனில் எதை மாற்றினாலும் இது தீராது. நிறுவனத்தின் சொந்த சர்வரில் நடக்கும் ஆட்டங்கள் தொல்லையில்லாமல் ஓடும், ஆட்டக்காரர்களின் பெட்டிகளே ஒன்றோடொன்று பேசும் ஆட்டங்கள்தான் சிக்கும். தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை கொண்டுபோகும் திட்டத்தை எடுத்திருக்கிறது. அது வீட்டு வாசல் வரை வரும் இடங்களில் இந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

இறக்குவதற்கு வருவோம். கன்சோலின் தானியங்கி அப்டேட்டை முதல் நாளே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியோடு டேட்டா காலி. பிளேஸ்டேஷன் 4-இன் சிஸ்டம் அப்டேட்டைச் சோனியின் தளத்திலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவில் பிஎஸ்4 என்ற ஃபோல்டருக்குள் அப்டேட் என்ற ஃபோல்டர் செய்து அதில் வைத்துச் சொருகலாம், அது அதிகாரபூர்வமான வழிதான். எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்களை, புதுக்கோட்டையில் ஃபைபர் உள்ள நண்பரின் எக்ஸ்பாக்ஸில் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கிக்கொண்டு வரலாம். டிஸ்க்காக வாங்குவது இன்னும் சுலபம், ஆடி முடித்தபின் விற்கவும் முடியும்.

சந்தாவையும் கணக்கில் சேருங்கள். பிளேஸ்டேஷன் 4-இல் காசு கொடுத்து வாங்கிய பெரும்பாலான ஆட்டங்களை ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் போன்ற இலவச ஆட்டங்களுக்கு வேண்டாம், எக்ஸ்பாக்ஸிலும் 2021 ஏப்ரலிலிருந்து அப்படியே. பிளேஸ்டேஷன் 3-இல் ஆன்லைன் ஆட்டத்துக்குச் சந்தா என்றுமே இருந்ததில்லை, ஆனால் அதன் ஆட்டங்கள் பலவற்றுக்குச் சர்வரை மூடிவிட்டார்கள். எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையில் மூடியது, நின்டெண்டோ வீயின் ஆன்லைன் சேவை 2014-லேயே போய்விட்டது. சொந்தக்காரர் கொண்டுவருவதாகச் சொன்னால், கன்சோல் எது, டிஸ்க் எது என்று முன்கூட்டியே கேட்டு, அந்த ஆட்டத்தின் சர்வர் இன்னும் ஓடுகிறதா என்று பார்த்தபின் கேபிளுக்கு அளவெடுங்கள்.