தோணாச் சேறும் சோதனைக்குழாயும்

செய்முறைப் பாடம் முடிந்து வீட்டுக்குப் போன அன்று உம்மா வாசலிலேயே கேட்டார்: "என்ன மகள், தோணாக்குள்ள இறங்கினியா?" பர்தாவில் கூழ்முட்டை நாற்றம். உம்மாவின் மூக்கு பிழைவிடவில்லை. ஆய்வுகூடத்தில் நாங்கள் தயாரித்த ஐதரசன் சல்பைட்டு வாயுதான் தோணாவிலும் உண்டாகிறது.

சாய்ந்தமருதுத் தோணாவின் ஓரச் சேற்றைக் கம்பால் கிளறிப் பாருங்கள். மேலே மண்ணிறம், உள்ளே மைக்கறுப்பு. கடல்நீரிலே சல்பேற்று உண்டு. காற்றுப் புகாத சேற்றில் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக அதனைப் பயன்படுத்தி இவ்வாயுவை வெளிவிடுகின்றன. அது சேற்றிலுள்ள இரும்புடன் சேர, கறுப்பு இரும்புச் சல்பைட்டு தோன்றுகிறது. அதுவும் ஒரு தாண்டல் உலோகச் சல்பைட்டுத்தான்.

ஆய்வுகூடத்தில் 7 கிராம் இரும்புத்தூளுக்கு 4 கிராம் கந்தகம் என்ற அளவில் கலந்து சூடாக்கினால் அதே சேர்வை கிடைக்கும். தாக்கம் தொடங்கியபின் சுவாலையை எடுத்தாலும் செந்தணல் தானாகவே பரவும். அதன்மேல் ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் விட்டால் வாயு வரும். அவ்வாயுவை அமிலமாக்கிய நீலச் செம்புக் கரைசலுக்குள் செலுத்த, நொடியில் கறுப்பு வீழ்படிவு! மங்கனீசுக் கரைசலிலோ ஒன்றுமே நடக்காது. அமோனியா சேர்த்த பிறகுதான் இளஞ்சிவப்பு வீழ்படிவு வரும். நாகமும் அமிலத்தில் அசையாது, அமோனியாவில் வெண்ணிறமாக விழும். (நாகம் டி தொகுப்பில் இருந்தாலும் தாண்டல் மூலகமல்ல. பரீட்சையில் பலர் வழுக்குவது இங்கேதான்.)

காரணம் சமநிலை. அமிலம் இருக்கும்போது ஐதரசன் சல்பைட்டு பிரிகையடைவது தடைப்படுவதால் கரைசலில் சல்பைட்டு அயன்கள் மிகச் சொற்பம். செம்புச் சல்பைட்டின் கரைதிறன் பெருக்கம் அவ்வளவு சிறியது, அந்தச் சொற்பமே அதற்குப் போதும். மற்றவற்றுக்குப் போதாது. அமோனியா அமிலத்தை நீக்க, சல்பைட்டு அயன்கள் பெருகுகின்றன. இரும்புச் சல்பைட்டு அமிலத்தில் கரைந்து வாயுவைத் தருவதும் செம்புச் சல்பைட்டு தராததும் இதனால்தான்.

பெற்றோரும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். இந்த வாயு நஞ்சு. மிகக் குறைந்த செறிவிலேயே மணக்கும். ஆனால் காற்றில் பத்து இலட்சத்துக்கு 100 பங்கு அளவில் வந்ததும் மூக்கு மரத்துவிடும், மணம் தெரியாது. அது காற்றைவிடப் பாரமானது என்பதால் மலசலகூடக் குழிகளில் தங்கும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குவது உயிரையே எடுத்துவிடும்.

ஆகையால் இன்றைய ஆய்வாளர்கள் பலர் வாயுவை நேராகக் கையாள்வதில்லை. அமோனியம் மொலிப்டேற்றையும் தயோயூரியாவையும் நீரில் கரைத்து, இறுக மூடிய உருக்குக் கலத்தில் சுமார் 200 பாகை செல்சியசில் பல மணி நேரம் வைக்கிறார்கள். தயோயூரியா உள்ளேயே மெல்ல மெல்லச் சல்பைட்டை விடுவிக்க, மொலிப்டினம் இருசல்பைட்டு மெல்லிய தகடுகளாக வளர்கிறது. கடையில் அடுக்கிய மருதமுனைச் சாறன்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமல்லவா, அதன் படைகளும் அப்படித்தான் வழுக்கும். வாகனங்களுக்குப் பூசும் கறுப்புக் கிறீஸ் சிலவற்றில் கலந்திருப்பதும் அதுவே.