வீட்டிற்குள் ஒரு தமிழ்த் தெரு

மதுரையிலோ தஞ்சையிலோ வளரும் குழந்தைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்பவர் பள்ளி ஆசிரியர் ஒருவரே என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவருக்குத் துணையாசிரியர் பலர் உளர். பேருந்தின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயர், மளிகைக் கடையின் பெயர்ப்பலகை, சுவரொட்டி, கோயில் வாயிலில் தொங்கும் அறிவிப்பு ஆகிய யாவும் நாள்தோறும் குழந்தையின் கண்முன் நின்று பாடம் நடத்துகின்றன. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் குழந்தைகட்கு இத்துணையாசிரியர்கள் இலர். தெருவில் இறங்கினால் அவர்கள் காண்பது தேவநாகரியும் வங்க எழுத்தும் ஆங்கிலமுமே.

இதன் விளைவை நாம் அறிவோம். குழந்தை தமிழ் பேசுகிறது, ஆனால் படிப்பதில்லை. பாட்டி தொலைபேசியில் பேசினால் புரிகிறது. அவர் எழுதியனுப்பும் இரண்டு வரிகளை வேறொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கத் தெரியாத மொழி, உணவும் உறவுமுறையும் பற்றிய சில நூறு சொற்களோடு நின்றுவிடும். அடுத்த தலைமுறையில் அதுவும் தேயும். தலைநகரில் 1923-ஆம் ஆண்டு முதல் பணியாற்றிவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் போன்ற அமைப்புகளின் பள்ளிகள் இக்குறையைப் போக்கப் பெரிதும் உதவுகின்றன. ஆயினும் எல்லாக் குழந்தைகட்கும் அத்தகைய பள்ளி அருகில் வாய்ப்பதில்லை. ஆகவே, வெளியில் இல்லாத தமிழ்த் தெருவை வீட்டிற்குள் அமைத்துத் தருவது பெற்றோரின் கடமையாகிறது. அது கடுமையான பணியன்று, பெரும்பகுதி விளையாட்டே.

முதற்படி கண்ணுக்கு உரியதன்று; செவிக்கு உரியது. தமிழில் பேச்சு வழக்கு வேறு, நூல் வழக்கு வேறு. "வந்துட்டான்" என்று கேட்டுப் பழகிய குழந்தை, புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்று கண்டால் திகைக்கும். தமிழ்நாட்டில் மேடைப்பேச்சும் பள்ளி வழிபாட்டுக் கூட்டமும் நூல் வழக்கைக் காதில் போட்டுவிடுகின்றன. இங்கே அதைச் செய்ய நாமே உள்ளோம். நாள்தோறும் இரவில் பத்து நிமிடம் ஒரு கதையை, அச்சில் உள்ளபடியே, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பொருள் விளங்காத இடத்தில் வீட்டுப் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே கதையை இருபது முறை கேட்பதில் குழந்தைக்குச் சலிப்பு இல்லை. நாமும் சலித்தல் ஆகாது. படிக்கும்போது விரல் வரியின்கீழ் நகரட்டும். ஒலியும் எழுத்தும் ஒன்றுக்கொன்று உறவுடையன என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

அடுத்தது எழுத்து. தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டதும் பெற்றோரே மலைக்கின்றனர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்பதே இக்கணக்கு. ஆனால் 216 உயிர்மெய்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கால், கொம்பு, சுழி முதலிய சில குறிகளை அறிந்தால் பெரும்பாலானவை தாமே விளங்கும். உகர, ஊகார வரிசைகளில் உள்ள 36 எழுத்துகளே மெய்க்கு மெய் வடிவம் மாறுவன. அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அகர வரிசையை ஒப்பிக்கச் செய்து தொடங்குவதைவிட, சொற்களைக் கொண்டு தொடங்குவது நன்று. ட, ப, ம ஆகிய மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை, சிறுவிரலுக்கு எளியவை. இம்மூன்றையும் ஒரு புள்ளியையும் அறிந்த குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்னும் நான்கு சொற்களைப் படித்துவிடும். ர-வைச் சேர்த்தால் மரமும் ரம்பமும் வரும். க, ல என்ற இரண்டையும் சேர்த்தால் கல், பல், பகல், பக்கம், கடல் எனச் சொற்கள் பெருகும். முதல் வாரத்திலேயே "நான் படித்தேன்" என்று சொல்லும் பெருமிதம் குழந்தைக்குக் கிடைத்துவிட்டால், அதன்பின் நாம் உந்த வேண்டியதில்லை.

விரலுக்குப் பயிற்சி தரும் முறைகள் நம் மரபிலேயே உண்டு. விஜயதசமியன்று பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் வழக்கத்தை ஒருநாள் சடங்காக நிறுத்திவிடாமல், ஒரு தட்டில் மணலோ ரவையோ பரப்பி அவ்வப்போது எழுதவிடலாம். புள்ளி வைத்து இழை வாங்கும் கோலமும் கைக்கு நல்ல பழக்கமே. 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்கட்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில், சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவிப் பார்க்கும். தச்சர் பயன்படுத்தும் உப்புத்தாள் ஒன்று இருந்தால் இதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இனி, வெளிமாநிலக் குழந்தைகட்கே உரிய சில ஐயங்களைக் காண்போம். பள்ளியில் இந்தி கற்ற குழந்தை, "இந்தியிலே இந்த வரிசைக்கு நாலு எழுத்து இருக்கே, தமிழிலே ஏம்மா ஒண்ணுதான் இருக்கு?" என்று கேட்கும். நல்ல கேள்வி, அதைத் தட்டிக்கழித்தல் ஆகாது. தமிழில் எழுத்து ஒன்று. இடத்திற்கேற்ப ஒலி மாறும். "கல்" எனச் சொல்லின் முதலிலும், "பக்கம்" என இரட்டிக்கும்போதும் ககரம் வன்மையாக ஒலிக்கும். "தங்கம்" என மெல்லின மெய்யை அடுத்து வரும்போது அதிர்ந்து ஒலிக்கும். "பகல்" என இரண்டு உயிர்களுக்கு இடையே வரும்போது மேலும் மென்மையாகும். பத்து, பந்து, காது என்னும் மூன்று சொற்களைச் சொல்லிப் பார்த்தால் தகரத்திலும் இந்த மாற்றத்தைக் கேட்கலாம். காந்தி, கங்கை போன்ற பெயர்கள் இதற்கு விலக்கு. அவை பிறமொழியிலிருந்து வந்தவை.

இரண்டாவது ஐயம் குறில் எகரமும் குறில் ஒகரமும். இந்தியின் எழுத்து வரிசையில் இவற்றுக்குத் தனி எழுத்து இல்லாமையால், குழந்தை "எடு" என்பதை "ஏடு" எனப் படிக்கும். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் கற்கும் குழந்தைக்கு இத்தடை இல்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் இக்குறில்கள் உண்டு. மும்பைக் குழந்தைக்கு வேறொரு நன்மை: மராத்தியிலும் ளகரம் உள்ளது. வங்காளத்தில் கற்கும் குழந்தைக்குக் "கொ" என்பதில் குறிகள் மெய்யின் இருபுறமும் நிற்பது புதுமையாகத் தோன்றாது; வங்க எழுத்திலும் ஓகாரக் குறி அவ்வாறே நிற்கிறது. குழந்தை கற்ற பிறமொழி எழுத்து தமிழுக்குப் பகையன்று. அறிந்ததைக் காட்டி அறியாததை விளக்குவதற்கு அதுவே கருவி.

இவ்வொலி வேறுபாடுகளை விதியாகச் சொல்வதைவிட விளையாட்டாகக் காட்டுவது எளிது. தாய் ஒரு சொல்லைச் சொல்ல, குழந்தை அதனை நடித்துக்காட்ட வேண்டும். "புலி" என்றால் பாய வேண்டும். "புளி" என்றால் முகத்தைச் சுளிக்க வேண்டும். "மலை" என்றால் கைகளை உயர்த்திக் குவிக்க வேண்டும்; "மழை" என்றால் குடை பிடிக்க வேண்டும். பின்னர்க் குழந்தை சொல்ல, தந்தை நடிக்கட்டும். தந்தை வேண்டுமென்றே தவறாக நடித்தால் குழந்தையின் மகிழ்ச்சிக்கு எல்லை இராது. திருத்தும் உரிமையும் அதன் கைக்கு வந்துவிடும்.

சமையலறை டப்பாக்களில் உப்பு, புளி, கடுகு, மிளகு என்று எழுதி ஒட்டுங்கள். "கடுகு டப்பாவை எடுத்து வா" என்பதே ஒரு வாசிப்புப் பாடம். காலி டப்பாக்களையும் பழைய மூடிகளையும் கொண்டு குழந்தை கடை வைத்து விளையாடட்டும். கடைக்குப் பெயரும் விலைப்பட்டியலும் அதுவே எழுதட்டும். நாம் எழுதிய சீட்டோடு சென்று பொருள் வாங்குவோம். நவராத்திரிக் கொலு வைக்கும் வீடுகளில், ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர்ச்சீட்டு எழுதும் பொறுப்பைக் குழந்தைக்குத் தரலாம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குழந்தை வந்து "இது யார்?" என்று கேட்டால், தமிழில் எழுதியதை இந்தியில் விளக்கும் வாய்ப்பும் நம் குழந்தைக்குக் கிட்டும்.

கற்பனையை வளர்ப்பதற்கு மற்றொரு வழி உண்டு. குழந்தை ஒரு படம் வரையட்டும். அதன் கதையையும் அதுவே சொல்லட்டும். சொன்ன சொற்களையே, திருத்தாமல், படத்தின்கீழ் எழுதிக் கொடுங்கள். தான் சொன்னதையே தான் படிப்பதால் குழந்தை தடுமாறுவதில்லை. இத்தகைய தாள்களைச் சேர்த்துத் தைத்தால், வீட்டு நூலகத்தின் முதற்புத்தகம் ஆயிற்று. குசராத்தின் பவநகரில் 1920-ஆம் ஆண்டில் பாலமந்திர் என்னும் குழந்தைப்பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, கதையையும் ஆட்டத்தையுமே கல்வியின் வாயில்களாகக் கொண்டார். தாய்மொழி எதுவாயினும் இது பொருந்தும்.

பழைய நூல்களைக் குழந்தையிடம் தருவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தியது. அதற்குமுன் அச்சான தாத்தாவின் புத்தகத்தில் லகர ஐகாரம் யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் நிற்கும். "தாத்தா காலத்து எழுத்து" என்று சொல்லிக் காட்டினால், குழந்தை அதையும் ஒரு புதிர்போல் விரும்பிப் படிக்கும். புதிய பாடநூல்கள் வேண்டுவோர்க்கு, 2001-ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் நிறுவனம் இணையத்தின் வாயிலாக உதவுகிறது.

பெற்றோர் தவிர்க்க வேண்டியவை மூன்று. விருந்தினர்முன் குழந்தையைப் படிக்கச் சொல்லிச் சோதித்தல் ஆகாது. ஊரிலுள்ள அத்தை மகனோடு ஒப்பிட்டுக் குறை கூறுதல் ஆகாது. உச்சரிப்புப் பிழையைக் கண்டு சிரித்தல் அறவே ஆகாது. தமிழ் படித்தால் சிரிப்பார்கள் என்று ஒருமுறை தோன்றிவிட்டால், குழந்தை இந்தியிலேயே விடை சொல்லத் தொடங்கிவிடும். பிழையாகப் படித்த சொல்லை நாம் ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டு மேலே செல்வதே போதும்.

நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் நாள் தவறலாகாது. ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் கட்டிவைத்துக் கற்பிப்பதைவிட இது பயன் தரும். இன்றிரவே நான்கு டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்னும் சில மாதங்களில், ஊரிலிருந்து பாட்டி எழுதும் இரண்டு வரிகளைக் குழந்தையே எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு வரியில் விடையும் எழுதும். அந்த ஒரு வரியில் பிழை இருந்தால் இருக்கட்டும்; பாட்டி அதனைப் பத்திரப்படுத்தி வைப்பார்.